தட்டைப் பிடுங்கிய மருமகள்

“இன்னைக்கும் பான்கேக்கா!”

மாமனார் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடிதான் கேட்டார். எதிர்க் கட்டடத்தின் மேல்மாடியில் துணி காயப்போட்டுக் கொண்டிருந்த அம்மாள், “ஆமாங்க, இன்னைக்கும் அதேதானாம்” என்று தன் வீட்டுக்காரருக்குத் தகவல் சொன்னாள்.

ரயில் நிலைய அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவரின் குரல் அது. ஒருநாள் மைக் கெட்டுப்போய் இவர் வெறும் வாயால் அறிவித்ததில், அடுத்த ஸ்டேஷனில் இருந்தவர்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைமேடை மாறினார்களாம். நான் நம்புகிறேன். உங்கள் இஷ்டம்.

“மனுஷன் கடிச்சுச் சாப்பிட ஒரு பதார்த்தம் உண்டா இந்த வீட்டுல?”

“எனக்குக் கைவந்தது இதுதான் மாமா” என்பாள் மருமகள், தலையைக் குனிந்துகொண்டு. பார்சல் ஆபீஸ் வேலைக்கு ஓடுகிறவள்.

அவளும் சும்மா ஊற்றி வைக்கவில்லை. வாழைப்பழத்தை மசித்துத் தேன் விட்டாள். வெங்காயம் வதக்கி, சீஸ் துருவிப் பாய் மாதிரி சுருட்டினாள். கீரையும் முட்டையும் வைத்து மடித்தாள். உருளைக்கிழங்கு மசித்து மிளகு தூவினாள். ஒருநாள் பாலேடும் ஜாமும் தடவி அடுக்கியதில், எதிரே இருந்த மகனைப் பார்க்க மாமனார் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று.

வேஷம்தான் மாறியது. ஆள் அதே ஆள்.

இந்தச் சத்தம் ஊர் தாண்டி அவருடைய மகள் காதுக்கும் போய்விட்டது. சனிக்கிழமை காலை, தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் நேராக மேஜைக்கு வந்து மூடியைத் திறந்து பார்த்தாள்.

பான்கேக். மேலே வெண்ணெயில் உருக்கிய சர்க்கரைப் பாகு.

“ஏம்மா, எங்கப்பா குரலுக்கு ரயிலே நின்னிருக்கு. அவருக்குப் போய் தினமும் மாவைக் கரைச்சு ஊத்துறியே, அடுப்புல வேற எதுவும் வேகாதா?”

“எனக்கு வேற வராது அண்ணி.”

“வராதா, உடம்பு வளையலையா?”

மருமகள் தண்ணீர்க் குவளையை நிரப்பி வைத்தாள். அவள் புருஷன் தட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

கேட்க ஆள் வந்ததும் மாமனாருக்கு உற்சாகம் பிறந்தது. “அப்படிக் கேளும்மா! ஒரு நாளாவது கடிக்கிறதுக்குன்னு…” என்று முழங்கிக்கொண்டே பெரிய துண்டாக எடுத்து வாயில் வைத்து இழுத்தார்.

அவ்வளவுதான். குரல் நின்றது.

துண்டு தட்டிலேயே விழுந்தது. மாமனார் தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். எதிர்மாடி அம்மாள் எட்டிப் பார்த்தாள். அந்தச் சத்தம் பாதியில் நின்றால் யாருக்குத்தான் கவலை வராது?

மருமகள் தட்டை ஒரு பார்வை பார்த்தாள். வெடுக்கென்று பிடுங்கினாள்.

“அவர் சாப்பிட்டே முடிக்கலை, தட்டைப் பிடுங்குறா பாருடா!” என்று கத்தினாள் மகள்.

“ஆறிப்போச்சு அண்ணி” என்றபடி மருமகள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“என் முகத்துல அடிக்கிற மாதிரி கதவைச் சாத்துறா! அப்பா, நீங்களாவது பேசுங்கப்பா.”

அவர் தலையை ஆட்டினார்.

“வயிறு வலிக்குதா?”

இல்லை என்று ஆட்டினார்.

“மனசா?”

கொஞ்சம் யோசித்து, ஆமாம் என்று ஆட்டினார்.

“கேட்டியாடா! மனசு விட்டுப்போச்சு. மாவைக் கரைச்சே எங்கப்பா குரலையும் கரைச்சுட்டா! இன்னைக்கே என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இனிமே திரும்பி வர மாட்டார்.”

“அக்கா, சாயங்காலமானா பார்க்ல இவர் சிநேகிதங்க எல்லாம்…”

“நீ பேசாதே. பொண்டாட்டி ஊத்துறதை முழுங்கிட்டுக் கிட! அப்பா, நம்ம வீட்டுல தினமும் மொறுமொறுன்னு வறுத்த கறிதான். எலும்பைக் கடிச்சு இழுத்துச் சாப்பிடுங்க. நடுவுல கொறிக்க வறுத்த கடலை.”

மாமனாரின் கண்கள் நிறைந்து வழிந்தன. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“பாரு, சந்தோஷத்துல அழறார்!”

மகள் அவருடைய துணிமணிகளை எடுக்க உள்ளே போனாள். தம்பியைப் பரண்மேல் இருக்கும் பெட்டியை இறக்கச் சொல்லி இழுத்துக்கொண்டும் போனாள்.

கூடத்தில் மாமனார் மட்டும். சமையலறைக் கதவு திறந்தது. மருமகள் ஒரு சின்னக் கிண்ணத்தைத் துணி போட்டு மூடி எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“பாகுல நல்லா ஒட்டிக்கிட்டிருந்தது மாமா. வெந்நீர்ல கழுவிட்டேன். சீக்கிரம் மாட்டிக்குங்க.”

அவர் துணியைத் தூக்கிப் பார்த்தார். அவருடைய பல்செட் அவரைப் பார்த்துச் சிரித்தது.

“உனக்கு எப்பழ்…” பாதி சொல், பாதி காற்று.

“ரொம்ப நாளாவே தெரியும் மாமா. கடிக்கச் சிரமப்படுறீங்க, வெளியில சொல்லவும் கூச்சப்படுறீங்க. அதான் பான்கேக்கையே சுத்திச் சுத்தி வர்றேன். இன்னைக்குப் பாகு இறுகிடும்னு தோணாமப் போச்சு.”

உள்ளே பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. மருமகள் குரலை இன்னும் தணித்தாள்.

“அண்ணிகிட்ட, வரலைன்னு சொல்லிடுங்க மாமா. ஏன்னு கேட்டா, நான் வந்துட்டா இவளை யாரு திட்டுறதுன்னு கேளுங்க.”