பீமனுக்கு இடமில்லை

காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய செங்கல்பட்டு பஸ், விசில் சத்தம் கேட்டு மறுபடியும் நின்றது.

மூச்சிரைக்க ஓடி வந்தாள் கங்கையம்மாள். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய். முன்னங்காலில் துணிக்கட்டு. நொண்டி நொண்டி வந்து பஸ் படியில் தலையை வைத்தது.

உள்ளே முகங்கள் சுளித்தன. பட்டு வியாபாரி ஆதிகேசவன், மடியில் இருந்த புடவை மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். காஞ்சிபுரத்தில் கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு ஊர் திரும்பும் லோகாம்பாள், தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

யாரும் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் குமாரவேல் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாம்மா இது? பஸ்ஸா, மாட்டுக் கொட்டாயா? நாயெல்லாம் ஏத்த முடியாது. எறங்கு!"

"அண்ணே, திருமுக்கூடல்ல எங்க அக்கா வூடு இருக்குது. அங்க கொண்டுபோய் வுட்டுடுவேன். பொழுது சாயறதுக்குள்ள நாய் போவலைன்னா சோத்துல மருந்து வெச்சிடுவேன்னு நான் வாடகைக்கு இருக்கற வூட்டுக்காரரு சொல்லிட்டாருண்ணே. கால்ல இருக்கறது அவரு கல்லால அடிச்ச காயம்தான். அடுத்த பஸ்ஸு இருட்டினப்புறம்தானே?"

"வூட்டுக்காரரு மருந்து வெச்சா எனக்கின்னாம்மா?" குமாரவேல் குரல் கடைசி சீட்டு வரைக்கும் கேட்டது. "உன் நாய் செத்தா எனக்கின்னா, பொழைச்சா எனக்கின்னா?"

"குட்டியா வந்தப்போ ஒரு கைக்குள்ள அடங்கிச்சிண்ணே. இந்த ஒசரம் வளருவான்னு யாரு கண்டா? நூல் இழைச்சு வயித்தைக் கழுவறவ நான். எனக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன்தான். ஜட்காவுல கேட்டேன், குதிரை மெரளுதுன்னு சொல்லிட்டாங்க."

"அப்போ நடந்து போ! கட்டெல்லாம் ரத்தமா இருந்தா இன்னா? மூணு கால் நல்லாத்தானே இருக்குது? நொண்டிக்கினே போவட்டும்!"

குமாரவேல் கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார். இரக்கம் கிலோ என்ன விலை என்று கேட்கிற முகம்.

பீமன் என்கிற அந்த நாய் குரைக்கக்கூட இல்லை. காதை மடக்கிக்கொண்டு நின்றது. கங்கையம்மாள் படியிலேயே உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

லோகாம்பாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்யா, வாயில்லா ஜீவனைப் பார்த்துப் பேசற பேச்சா இது? பைரவர் வாகனம்யா அது!"

"ரூல்ஸும்மா. பைரவரே வந்தாலும் எறக்கி வுடுவேன்."

"அடப்பாவி!" என்று லோகாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பின் சீட்டிலிருந்து அப்துல் சத்தார் பாய் எழுந்தார்.

"கண்டக்டர் சாப், அதுவும் ஆண்டவன் படைச்ச உசுருதானே? என் துணியில அது பட்டா நான் தொழுகைக்கு நிக்க முடியாது, அது வேற விஷயம். நான் முன்னால போய் நின்னுக்கறேன். என் காலடி காலியா இருக்குது, அங்க படுத்துக்கினு வரட்டும்."

"நீங்க சொல்லிடுவீங்க பாய். இதோ இவரு பட்டு மேல நாய் முடி ஒட்டிக்கினா யாரைக் கேப்பாரு? என்னைத்தானே?"

ஆதிகேசவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் கேட்டேனாய்யா உன்னை? நான் வாயைத் தொறந்தேனா?" மூட்டையைத் தூக்கி மேலே பலகையில் வைத்தார். "லக்கேஜ் டிக்கெட்டைப் போடு, நான் தரேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரு பொம்பளையை அழ வெச்சிக்கினு!"

"நாளைக்கு எவனாவது கம்ப்ளைன்ட் குடுத்தா என் வேலை இல்ல போவும்?"

"எவன் குடுப்பான்? குடுக்கட்டும், நாங்க பாத்துக்கறோம்!" பஸ்ஸே ஒரே குரலில் கத்தியது.

"எப்படியோ போங்க!" என்று குமாரவேல் விசில் ஊதினார்.

நாலு பேர் சேர்ந்து பீமனைத் தூக்கி உள்ளே விட்டார்கள். கங்கையம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாலாஜாபாத் வருவதற்குள், வரதராஜர் கோயில் இட்லியை லோகாம்பாள் பிட்டுப் பிட்டு நாய்க்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

பழைய சீவரத்தில் பஸ் நின்றது. பாலாற்று மணலைக் கடந்தால் திருமுக்கூடல். பீமனை இறக்கிவிடவும் நாலு கை வந்தது. கங்கையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள்.

"நீங்கல்லாம் நல்லா இருக்கணும் சாமி!"

கண்டக்டர் பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை.

"கல்நெஞ்சக்காரன்" என்று லோகாம்பாள் அவர் காதில் விழும்படியே சொன்னாள்.

செங்கல்பட்டில் பஸ் காலியானது. டிரைவர் அப்பாதுரை டீயை வாங்கி நீட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏன்பா குமாரவேலு, அந்தம்மா ஓடியாறதைப் பார்த்து விசில் குடுத்து வண்டியை நிறுத்தினதே நீதான். அப்புறம் எதுக்குப்பா அந்தக் கத்து கத்தினே? வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கினே வந்தாங்க."

காக்கி பேண்டில் ஒட்டியிருந்த நாய் முடியைத் தட்டிவிட்டுச் சிரித்தார் குமாரவேல்.

"போன மாசம் ஒரு பெரியவரு இதே மாதிரி நாயோட வந்தாரே, ஞாபகம் இருக்குதாண்ணே? 'பாவம், கொஞ்சம் எடம் குடுங்க'ன்னு நான் எல்லாரையும் கும்பிட்டுக் கேட்டேன். பஸ்ஸே ஒண்ணா சேர்ந்து எறக்கி வுட்டுச்சு. இன்னிக்கு நான் 'எறங்கு'ன்னு கத்தினேன். பஸ்ஸே ஒண்ணா சேர்ந்து ஏத்திக்கிச்சு!"