உன் பேரு இன்னாம்மா?

பாஸ்டர் மாசிலாமணிக்கு மறதி முற்றிவிட்டது என்று திண்டிவனம் பாப்டிஸ்ட் சபையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சபைச் செக்ரட்டரி அப்பாதுரை மட்டும் பேச்சோடு நிற்கவில்லை. காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார்.

பின்னே? போன ஞாயிற்றுக்கிழமை ஏரியில் நடந்தது சின்ன விஷயமா?

அந்தச் சபையில் குழந்தை நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கிற வழக்கம் கிடையாது. வளர்ந்து ஆளாகி, தானாக விரும்பி வந்து, ஏரித் தண்ணீரில் முழுசாக முங்கி எழ வேண்டும். பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, வருகிறவரின் பெயரைச் சொல்லி முக்கி எடுப்பார். முப்பத்து நாலு வருஷமாக இதுதான் நடைமுறை.

அன்றைக்கு முதலில் இறங்கியவன் மண்டிக்காரர் மகன் துரைக்கண்ணு. அவன் பெயரைத் தடங்கல் இல்லாமல் சொன்னார். அடுத்து இறங்கியவள் கெடார் கிராமத்திலிருந்து வந்து கோயில் பெருக்குகிற கெடாருக்காரி. பதினோரு வருஷமாகத் தினமும் துடைப்பத்தோடு அவர் கண்ணெதிரே நிற்கிறவள். அவளைப் பார்த்துப் பாஸ்டர் கேட்டார்:

"உன் பேரு இன்னாம்மா?"

கரையில் குபீரென்று சிரிப்பு. அவள் திருதிருவென்று விழித்தாள். பாஸ்டர் விடுவதாக இல்லை. காதில் விழவில்லை, இன்னும் உரக்கச் சொல் என்று இரண்டு தரம் சொல்லவைத்து, அப்புறம்தான் முக்கினார்.

விழுப்புரத்திலிருந்து மிஷன் ஆட்கள் வேறு வந்திருந்தார்கள். அப்பாதுரைக்கு மானமே போனது போலிருந்தது.

பாஸ்டர் மேல் அவருக்குப் பகை ஒன்றும் இல்லை. அப்பாதுரையின் அப்பா காய்ச்சலில் கிடந்தபோது ஓமந்தூர் வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய் டாக்டரைக் கையோடு கூட்டி வந்த மனிதர். ஓய்வு கொடுத்தால் கோயில் பக்கத்து ஓட்டு வீட்டைக் காலி பண்ண வேண்டியிருக்கும். மனைவியும் போய்ச் சேர்ந்து, பிள்ளை குட்டியும் இல்லாதவர் எங்கே போவார்? மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் சபை என்று ஒன்று இருக்கிறதே என்று எழுத ஆரம்பித்தார்.

பாஸ்டருக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி விழுப்புரம் மிஷனுக்கு மனு. மத்தியான பஸ்ஸில் கொடுத்தனுப்ப ஆள் தயாராக இருந்தது.

'ஞாபக சக்தி அறவே குன்றி, பதினோரு வருடங்களாகத் தம் கண்முன் வேலை செய்யும்' என்று எழுதிக்கொண்டே வந்தவருக்குப் பேனா நின்றுவிட்டது. பெயரைப் போட வேண்டுமே. கெடாருக்காரி என்றா மனுவில் எழுதுவது?

அன்றைக்கு அவள் உரக்கத்தான் சொன்னாள். இவர் சிரித்த சிரிப்பில் அது காதில் விழவில்லை.

அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஏ பெருமுக்கலா, அந்தக் கெடாருக்காரி பேரு இன்னா?"

மனைவி மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த முறத்தோடு வந்து நின்றாள். பெருமுக்கலிலிருந்து வாழ வந்தவள், அதனால் பெருமுக்கலா. மாமியார் அப்படிக் கூப்பிட்டார், நாத்தனார் கூப்பிட்டாள், தெருவே கூப்பிட்டது.

"வீரம்மா. இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

மனு விஷயத்தைச் சொன்னார். பாஸ்டரின் மறதி பற்றியும் ஒரு பாட்டம் சொல்லித் தீர்த்தார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"மறதியா? என்னை ஏரியில எறக்குனப்பவும் இதே கேள்விதாங்க கேட்டாரு."

அது பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின கதை. பாஸ்டர் தலையில் அப்போது ஒரு நரை கிடையாது. கல்யாணமாகி நாலு வருஷமாக அவளும் வாரம் தவறாமல் அவர் பிரசங்கத்துக்கு வந்துகொண்டிருந்தவள்தான். அன்றைக்கும் கரை சிரித்தது. அப்பாதுரையும் சேர்ந்துதான் சிரித்தார்.

"அந்த நாலு வருஷத்துல என் பேரை ஒருத்தர் கேட்டது அன்னிக்குத்தாங்க. பேச்சே வரல எனக்கு. பேரை மாத்திக்கணுமா ஐயான்னு கேட்டேன். வேணாம்மா, ஆண்டவருக்கு உன் பேரு தெரியும், கரையில நிக்கறவங்களுக்குத்தான் தெரியல, உரக்கச் சொல்லுன்னாரு."

அப்பாதுரை பேனாவை மூடி வைத்தார்.

"அதுலேர்ந்து எங்க பாத்தாலும் பேரு சொல்லித்தான் கூப்புடுவாரு. இந்த ஊர்ல அவரு ஒருத்தருதான்" என்றவள், அடுப்பில் கேப்பைக்களி அடிபிடிக்கிற வாசனை வரவே முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அப்பாதுரை மனுவை இன்னொரு தடவை படித்தார். யாருக்கு மறதி என்று எழுதியிருக்கிறோம் என்று நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. காகிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டார்.

தண்ணீர் கேட்கலாம் என்று, பழக்கதோஷத்தில் "பெரு" வரைக்கும் வந்துவிட்டு நிறுத்திக்கொண்டார். செருமிக்கொண்டு, இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கூப்பிட்டார்.

"கோவிந்தம்மா."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவசரமாக ஓடி வந்தவள், அவரைத் தாண்டி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"பாஸ்டர் ஐயா கூப்புட்டாரே, எங்கங்க?"