சங்கத்துக் கம்ப்யூட்டர் திறந்த நாள்

“போனையுமா கூட வச்சிப் பொதைச்சீங்க?” என்று கலசப்பாக்கத்திலிருந்து வந்த கம்ப்யூட்டர் என்ஜினியர் என்னைக் கேட்டார். இறந்தவர் பொருளைக் கூடவே புதைப்பது எங்கள் வழக்கம்.

சாமை விற்கும் எங்கள் சங்கத்துக் கம்ப்யூட்டரின் அட்மின் கணக்கு, இறந்துபோன செயலாளர் ஜீவானந்தம் அண்ணன் பெயரில் இருந்தது. பாஸ்வேர்ட் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஓடிபியும் அவர் போனுக்குத்தான் போகும். திறக்காவிட்டால் ஊரார் கொடுத்த சாமை விவரமெல்லாம் போய்விடும்.

“ஓடிபி அனுப்பித்தான் பாருங்களேன்,” என்றார் அண்ணனின் மனைவி ரேணுகா அக்கா.

“மண்ணுக்குள்ள டவர் இருக்குதாக்கா?” என்று சிரித்தபடி என்ஜினியர் அழுத்தினார்.

திரையில் ஓடிபி கட்டத்தில் எண்கள் தாமாகவே விழுந்தன, ஒற்றை விரலால் தேடித் தேடி அடிக்கும் அண்ணனின் வேகத்தில். கணக்கு திறந்தது. புதுச் செயலாளரான என் பெயரில் புதுக் கணக்கு உண்டாக்கினார் என்ஜினியர்.

“அண்ணன் கணக்கை எடுத்துடலாங்களா?”

“இன்னொரு தரம் அனுப்புங்க,” என்றார் அக்கா.

எண்கள் மறுபடியும் மெதுவாக வந்தன. கடைசி எண் விழும்வரை பார்த்த அக்கா, நீக்கும் பொத்தானைத் தானே அழுத்திவிட்டு வெளியே போனார்.