நாலு நிமிஷம் நிற்கிறவர்

“எங்க அண்ணன்தாம்மா. அந்த ஆளைத் தவிர வேற யாருக்கும் இந்தப் புத்தி வராது” என்றார் சின்னவர்.

மெத்தைக் கடையில் நாற்காலிக்குப் பஞ்சம். விளம்பர வேலை பார்க்கும் பெண் உறை பிரிக்காத ஒரு மெத்தையின் மேல் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அசைந்தால் பிளாஸ்டிக் சரசரக்கும்.

“ஆள் யாருன்னு எனக்குத் தெரியாது சார். ஒரே ஃபோன், தினம் பத்துப் பன்னிரண்டு தடவை. இதே தெருவுல இருந்துதான். அவ்வளவுதான் தெரியுது.”

“இதுக்கு மேல என்ன தெரியணும்?”

விஷயம் இதுதான். இணையத்தில் மெத்தை என்றோ சின்னவரின் கடைப் பெயரையோ தேடினால் அவருடைய விளம்பரம் முதல் ஆளாக மேலே வந்து நிற்கும். அதை ஒருவர் தொட்டால் சின்னவர் காசு கட்ட வேண்டும். மெத்தை வாங்கினாலும் சரி, சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாலும் சரி. ஒரு நாளைக்கென்று அவர் ஒதுக்கிய தொகை தீர்ந்ததும் விளம்பரம் மறைந்துவிடும்.

ஒரு மாதமாக அது மத்தியானத்துக்குள் மறைந்துவிடுகிறது. சாயங்காலம் மெத்தை தேடுகிற ஜனங்கள் கண்ணில் சின்னவர் படுவதே இல்லை. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

அண்ணன், அதாவது பெரியவர், தெருவுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு மெத்தைக் கடை வைத்திருக்கிறார். இரண்டு வருஷம் முன்பு வரை ஒரே கடைதான். பெயர்ப் பலகையில் யார் பெயர் முதலில் என்கிற மகத்தான பிரச்சினையில் கடை இரண்டாகி, பேச்சும் நின்றுபோனது. தனக்குப் பெண் குழந்தை பிறந்ததைக்கூட சின்னவர் சொல்லி அனுப்பவில்லை. பாப்பாவோடு காரில் வந்தால் எதிர்க்கடையைத் தாண்டும்வரை கண்ணாடியை ஏற்றியே வைத்திருப்பார்.

“போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன். உன் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் போட்டுக் குடும்மா.”

“தர்றேன் சார். ஆனா ஒண்ணு இடிக்குதே.”

“என்ன இடிக்குது?”

“காசைக் கரைக்கணும்னு வர்றவங்க தொட்டதும் ஓடிடுவாங்க. இவங்க ஒவ்வொரு தடவையும் நாலு நிமிஷம் நிக்கிறாங்க. மத்தவங்க நம்ம இணையப் பக்கத்துல எவ்வளவு நேரம் நிக்கிறாங்க தெரியுமா? சராசரியா ஒன்பது வினாடி.”

“ஒன்பதா? மெத்தை மெத்தையாப் புரட்டிப் போட்டு ரெண்டு நாள் படம் எடுத்தேனேம்மா!”

“யாருக்கு சார் நேரம் இருக்கு? ஒருத்தரை ஒரு இடத்துல நிறுத்தி வைக்கத்தான் நாங்க இந்தப் பாடு படறோம். நாலு நிமிஷம் மெத்தையைப் பார்க்கிற ஆளை நான் இப்பத்தான் கேள்விப்படறேன்.”

“விலையை வேவு பார்க்கிறாரு.”

“தினம் பன்னிரண்டு தடவையா? உங்க விலை என்ன மணிக்கு மணி மாறுதா?”

இப்போது சின்னவருக்கும் மண்டை குடைந்தது. அப்படி என்னத்தைத்தான் பார்க்கிறார்?

“சார், வந்தாச்சு. இப்போ, இந்த நிமிஷம்!”

சின்னவர் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார். எதிர்க்கடையில் பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஃபோனை முகத்தோடு முகமாகப் பிடித்திருந்தார்.

“பார்த்தியா! கையும் களவுமா மாட்டிக்கிட்டாரு!” அவசரமாகச் செருப்பை மாட்டினார் சின்னவர்.

“கொஞ்சம் இருங்க சார், எங்க போறாங்கன்னு பார்த்துடலாம். விலைப் பட்டியலைத் தாண்டிட்டாங்க. தள்ளுபடி... அதையும் தாண்டியாச்சு. ஃபோன் நம்பரையும் தாண்டிட்டாங்க.”

“அதுக்குக் கீழ என்ன இருக்கு?”

அவள் பதில் சொல்வதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மாள் உள்ளே வந்தாள்.

“ரெண்டு பேர் படுக்கிற மெத்தை இருக்குங்களா? எதிர்க்கடையிலதான் முதல்ல கேட்டேன். அந்த மனுஷன் ஃபோன்ல மூழ்கிக் கிடக்கிறாரு. மூணு தடவை கூப்பிட்டும் நிமிர்ந்து பார்க்கலை.”

சின்னவர் திகைத்துப் போனார். சும்மா தெருவில் போகிறவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து மெத்தையைத் தலையில் கட்டுகிற ஆள் அவர் அண்ணன். வந்த வியாபாரத்தையா விட்டார்?

“உள்ள வரிசையா இருக்கும்மா, பாருங்க. இதோ வந்துடறேன்” என்று அந்த அம்மாளை அனுப்பிவிட்டுத் திரும்பினார். “சொல்லும்மா, கீழ என்ன இருக்கு?”

“‘எங்கள் குடும்பம்’னு ஒரு பகுதி சார். அப்படிப் போட்டா, வாங்கறவங்களுக்கு நம்பிக்கை வரும்னு நீங்கதான் கேட்டீங்க. அதுல உங்க பாப்பா படம் இருக்கே, அதைப் பெரிசாக்கி வெச்சிருக்காங்க. அங்கேயேதான் நிக்கிறாங்க.”



அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். “மேல வர்றது விளம்பரம், தொட்டா உங்களுக்குச் செலவுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்காது சார். பாதிப் பேருக்குத் தெரியாது.”

தெருவுக்கு அந்தப் பக்கம் பெரியவர், இரண்டு கன்னத்தையும் உப்பவைத்து, ஃபோனுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார்.

சின்னவர் காலிலிருந்து செருப்பை மெதுவாக உதறிவிட்டார்.

“அந்த ஃபோன்ல மட்டும் நம்ம பக்கம் திறக்காதபடி பண்ணிடலாம் சார்” என்றாள் அவள் தயங்கித் தயங்கி. “ஒரு நிமிஷ வேலைதான். பண்ணிடட்டுமா?”

சின்னவர் தன் ஃபோனில் எதையோ தேடி எடுத்து அவளிடம் நீட்டினார்.

“அந்தப் படம் பழசும்மா. இதைப் போடு. பாப்பாவுக்கு ரெண்டு பல்லு முளைச்சிருக்கு.”