செவ்வாய் ராத்திரி மட்டும்

நெல்லை சமரச மையம். பிரிந்து வாழும் மகேஷும் சித்ரலேகாவும் எதிரெதிரே. நடுவில் சமரசர் கோமு.

“ஆடி மாசம் செவ்வாய் ராத்திரி மட்டும் பையன் அவுக அப்பாகிட்ட இருக்கட்டும், மேடம்.”

மகேஷ் சிரித்தான். “ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் கூடக் கேட்டாலே சண்டைக்கு வருவா. இப்ப அவளாவே பிள்ளையத் தாராளாம்! பிள்ளையை அனுப்பிட்டு, வீட்டுக்கு எவன் வாரான்னு கேளுங்க. நான் சம்மதிக்க மாட்டேன்.”

விருட்டென்று வெளியேறினான்.

கோமு குரலைத் தாழ்த்தினார். “ஔவையார் நோன்பாம்மா? ஆம்பளைககிட்ட சொல்லக் கூடாது, ஆம்பளைப் பிள்ளைகூட வீட்டுல இருக்கக் கூடாதுல்லா?”

“ஆமா, மேடம்.”

“என்ன வேண்டுதல்?”

“அவுக திரும்பி வரணும்னுதான்.”

சித்ரலேகா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“பையன் எங்கிட்டயே இருக்கட்டும், மேடம். இனி நோன்புக்கு அவசியமில்ல.”