தங்கை ஏறாத மலை

மலைக் கோயிலுக்குப் போகும் சிலுவைப் பாதைப் படிகளில் முழங்காலாலேயே ஏறிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்ததும் வெல்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆளின் கால்சட்டை கிழிந்து ரத்தம் கசிந்தது. இந்த அளவுக்குத் தன்னை வருத்திக்கொள்கிறவன் பெண்டாட்டியை அடித்தவனாகத்தான் இருப்பான் என்று வெல்டர் தானாகவே முடிவு கட்டிக்கொண்டான்.

"வீட்டுல பொண்டாட்டியப் போட்டு அடிச்சிட்டு, இங்க வந்து ஆண்டவர்கிட்ட நடிக்கிறியா?" என்று வழியை மறித்தே கேட்டுவிட்டான்.

அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். "அடிக்கலைங்க. ஆனா பாவம் என்னோடதுதான்."

"என்ன பாவம்?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க."

வெட்கம் போலிருக்கிறது என்று வெல்டர் நினைத்தான். வெட்கப்படவாவது தெரிகிறதே என்று கோபம் கொஞ்சம் இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

அவன் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கப்பலில் வெல்டிங் வேலைக்குப் போனவனால் தங்கையின் அடக்கத்துக்குக்கூட வந்து சேர முடியவில்லை. புருஷனின் அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்தவள் அவள். வந்தது பாவமோ என்று பயந்து, ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, அவள் ஊர்க் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போயிருக்கிறாள். அன்றைக்கே அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"பொறுத்துப் போம்மா, அவரோடயே போய் இருன்னு ஃபாதர் சொல்லிட்டாருண்ணா. பரிகாரமா இந்த மலைய ஒரு தடவ ஏறணுமாம்."

ஏறுவதற்கு அவள் உயிரோடு இல்லை. அவள் திரும்பிப் போன அதே வாரத்தில் புருஷன் அவளைக் கொன்றுவிட்டான். அவள் ஏற வேண்டிய மலையை இப்போது அண்ணன்காரன் ஏறுகிறான்.

எல்லாவற்றையும் அந்த ஆளிடம் கொட்டித் தீர்த்தான் வெல்டர். "கொன்னவன் ஜெயில்ல இருக்கான். அனுப்பி வச்ச மகராசன் இந்த உச்சிக் கோயிலுக்கு மாத்தல் வாங்கிட்டு வந்து நிம்மதியா உக்காந்திருக்காரு. கேட்டா, பாவசங்கீர்த்தனத்துல கேட்டது ரகசியம், வெளிய சொல்லக் கூடாதுன்னு வாயை மூடிக்குவாராம். சட்டையப் பிடிச்சுக் கேக்கத்தான் போறேன்."

அந்த ஆள் தண்ணீரைக் குடிக்காமலே பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். "கேக்கணும்ங்க. கட்டாயம் கேக்கணும். நானே கூட்டிட்டுப் போறேன்."

வெல்டரின் சொந்தபந்தம் அத்தனை பேரும் தலையெழுத்து, விட்டுத்தள்ளு என்றுதான் சொன்னார்கள். அப்படிச் சொல்லாத முதல் மனிதர் இவர்தான்.

"நீங்க மனுஷன்ணே. செஞ்ச தப்புக்கு முட்டி தேய ஏறுறீங்க. அந்தாளுக்கு இதெல்லாம் உறைக்குமா?" என்று அவர் தோளுக்கடியில் கை கொடுத்தான். எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தான், அவர் மறுத்துவிட்டார். கடைசி ஏற்றம் முழுவதும் அவன்தான் முதுகு ஒடியக் குனிந்து அவரைத் தாங்கிக்கொண்டு வந்தான்.

உச்சியில் கோயில் வாசலைக் கண்டதும் வெல்டர் பல்லைக் கடித்தான். எங்கே அந்த ஃபாதர், காட்டுங்கள் என்று அவரை அவசரப்படுத்தினான்.

அவர் வாயைத் திறப்பதற்குள், வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"இன்னைக்கும் முட்டி போட்டேதான் ஏறுனீங்களா, ஃபாதர்?"