ஒரு வாளித் தண்ணீர்

செர்பியாவின் நீஷ் நகரில் ஸ்லாவிட்சா நடத்தும் விடுதியில் தங்கிய ராக் இசைக்குழு, அறைக் கதவையும் அவள் பொறுமையையும் உடைத்துவிட்டுக் காலையில் வேனில் கிளம்பியது.

"சனியன் ஒழிஞ்சது!" என்று முணுமுணுத்தபடி, தரை கழுவிய தண்ணீரை வாளியிலிருந்து வேனின் பின்னால் வீசி ஊற்றினாள்.

கணவர் மிலோராட் தலையில் கைவைத்தார். "அடிப்பாவி! என்ன காரியம் பண்ணிட்ட?"

"ஏன், ஒரு சொட்டுகூட அவனுங்க மேல படலையே!"

வேன் நின்றது. பாடகன் போயான் கண்கலங்க ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டான்.

"எல்லா ஊர்லயும் எங்களைத் துரத்தத்தான் செய்வாங்க, அத்தை. கிளம்புறவங்க நல்லபடியா திரும்பி வரணும்னு நம்ம ஊர் வழக்கப்படி பின்னால தண்ணி ஊத்தினது, எங்கம்மாவுக்கு அப்புறம் நீங்கதான்! வெள்ளிக்கிழமை இந்த வழியாத்தான் திரும்புறோம். இங்கேயே தங்குறோம்!"

வேன் மறைந்ததும் மிலோராட் மெல்லக் கேட்டார்: "அப்போ அந்தக் கதவை வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் மாட்டிக்கலாமா?"